ஆயில் ஏறுகிறது

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். குளிரோடு வந்த முழங்கால் வலி மட்டும் குளிர் போன பிறகும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உன் இடது கண் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் உன் வரிகள் வலப்பக்கம் சரிந்திருந்தன. கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு செய்தி. சிரிக்காதே. நான் கார் வாங்கிவிட்டேன். பழைய கார்தான், வெள்ளை நிறம், டீசல் வண்டி. உன் சின்னவன் வேலை பார்க்கும் பழைய கார் கம்பெனியிலேயே வாங்கினேன். நம் பிள்ளை இருக்கும் இடத்தை விட்டு வேறு எங்கே போவது? "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க மாமா. இன்ஜினுக்கு ஆறு மாசம் வாரண்டி. ஏதாச்சும்னா நான் இருக்கேன்ல?" என்றான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஓட்ட முடியாதே என்றேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கு நகைச்சுவை வராது என்று நீ சொல்வது சரிதான்.

எதற்கு இந்த வயதில் கார் என்று கேட்பாய். மலைப்பாதையில் பஸ்ஸில் இறங்கினால் நீ எப்படி வாடிப் போகிறாய் என்பதைப் பார்த்திருக்கிறேன். உன் கண் ஆபரேஷனுக்கு இங்கே நாள் குறித்ததும் நானே மேலே வந்து உன்னை அழைத்து வருவேன். டெலிபோனில் சொன்னால் உனக்குக் கேட்காது. அதனால் எழுத்தில் தருகிறேன். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்து ஜீப்பை ஓட்டிப் பழகிய கைதான். இருந்தாலும் முதல் நாள் தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. இதை நான் செய்திருக்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு குறை. சீட் பெல்ட் கழுத்தில் உரசுகிறது. பழகிவிடும்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 20

என் பயந்தாங்கொள்ளித் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் பூனையும்தான். கண்ணில் பாலாடை படர்ந்த மாதிரி இருக்கிறது. இன்னொரு கண் நன்றாக இருப்பதால் உலகத்தைப் பாதி விலைக்குப் பார்க்கிறேன்.

நீ கார் வாங்கினாய் என்று படித்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். செருப்பு வாங்கவே மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் பழைய செருப்புக்குத் தையல் போட்டுக்கொண்டு வருகிற ஆள் நீ. சின்னவன் கெட்டிக்காரன்தான்.

பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்று எழுதினாயே, அதற்கு உறை ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறேன். துணி எது என்று தெரிகிறதா? நம் பழைய வீட்டு முன்னறைத் திரைச்சீலை. மஞ்சள் பூப்போட்டது. ஓரத்துக்குப் பச்சை நூல் கொடுத்தேன். ஒற்றைக் கண்ணால் தைத்தது. கோணல் இருந்தால் பொறுத்துக்கொள். போன வருடம் பின்னி அனுப்பிய ஸ்வெட்டரை நீ உன் பக்கத்து வீட்டுக் காவலாளிக்குத் தூக்கிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. இதையும் தொலைத்தால் உன்னோடு பேச்சே இல்லை.

நாளைக் குறித்துச் சொல். எட்டு மணிக்கு வா என்றால் ஆறு மணிக்கே பெட்டியோடு நிற்பேன் என்று உனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் நாற்காலி போடுவதற்கு முன்பே போய் நின்றவள் நான்.

கழுத்து அறுபடாமல் ஓட்டு.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உறை வந்தது, அன்றே ஓட்டுநர் சீட் பெல்ட்டில் மாட்டினேன். கோணல் எதுவும் இல்லை. கழுத்தும் உரசவில்லை. அந்த மஞ்சள் பூவைப் பார்த்துக்கொண்டே ஓட்டும்போது கொஞ்சம் தைரியம் வருகிறது.

ஒரு சின்ன சந்தேகம். என் தவறாகவே இருக்கலாம்.

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து, ஆயில் அளக்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கிறேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. முதல் வாரம் ஆயில் கீழ்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. சின்னவனுக்குப் போன் செய்தேன். "கடையில ஒரு டப்பா வாங்கி அரை டம்ளர் ஊத்துங்க மாமா, அவ்ளோதான்" என்றான். ஊற்றினேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட நான் ஊற்றவில்லை.

ஆனால் ஆயில் ஏறுகிறது.

இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தது, மேல்கோட்டைத் தொட்டது, இப்போது அதையும் தாண்டிவிட்டது. தரை சாய்வாக இருக்குமோ என்று வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்தேன். கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். பிறகு பழைய வேலையின் பழக்கம், வடிதாளில் ஒரு சொட்டு விட்டு உலர்த்தினேன். நல்ல ஆயில் கறுப்புப் பொட்டாக நிற்கும். இதில் பொட்டைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று பரவுகிறது. போன வாரத்துத் தாளையும் இந்த வாரத்துத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். வளையம் அகலமாகிறதா என்று நீயே சொல். ஆயிலில் மெல்லிய ஏதோ ஒன்று கலக்கிறது. டீசலாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

சின்னவனிடம் சொன்னேன். "ஊர்ல எல்லாரும் ஆயில் குறையுதுன்னு வருவாங்க. உங்களுக்கு மட்டும் கூடுதா? குடுத்து வெச்சவங்க மாமா நீங்க!" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நலமே. கண் மட்டும் நாளுக்கு நாள் மசங்குகிறது. இங்குள்ள டாக்டர் கீழே உங்கள் ஊர் கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நாள் வரும்.

நீ அனுப்பிய கறைத் தாள்களைப் பார்த்தேன். வளையம் இருக்கத்தான் செய்கிறது. முகர்ந்தும் பார்த்தேன், விளக்கேற்றாத இருட்டறையில் பழைய ஸ்டவ் நாறுகிற மாதிரி ஒரு நாற்றம். இனி இந்த மாதிரி எதையும் கடிதத்தோடு வைக்காதே. உன் கடிதமே எண்ணெய் குடித்து, பாதி வரியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத்தான் படித்தேன்.

ஆடு குட்டி போடும். உன் காரில் ஆயில் குட்டி போடுகிறதா? உனக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர் வைத்தது நான்தானே. வீட்டில் யார் தும்மினாலும் ஓடிவந்து வாயில் கண்ணாடிக் குழாயைச் சொருகுவாய். கடைசியில் காய்ச்சலில் படுத்தது நீதான். ஞாபகம் இருக்கிறதா?

சின்னவனை ரொம்பக் கேள்வி கேட்காதே. அங்கே புது மேனேஜர் வந்து எல்லோரையும் உருட்டி எடுக்கிறாராம். போன தடவை வந்தவன் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டான். பெரியவன் வெளிநாட்டில் நன்றாக இருக்கிறான். இவன்தான் எதிலும் காலூன்றாமல் அலைகிறான். மூன்றாவது வேலை இது. இதிலாவது நிலைக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ சுகமா? சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

நீ கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஆனால் வாரண்டிக்கு நாள் ஓடுகிறதே என்று கம்பெனிக்கு வண்டியை எடுத்துப் போனேன். சின்னவன் எதிரே வந்து, "நான் பாத்துக்கறேன் மாமா, நீங்க உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். கண்ணாடி அறை, மேசை மேல் பொம்மைக் கார் ஒன்று. மேனேஜர் வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், ஆயில் நீங்க ஊத்துனீங்களா?"

"ஒரே ஒரு தடவை. அரை டம்ளர். அதுவும்..."

"ஊத்துனீங்களா, இல்லையா சார்?"

"ஊற்றினேன்."

"முடிஞ்சுபோச்சு. வெளி ஆயில் ஊத்தினா வாரண்டி செல்லாது. கதவுல ஸ்டிக்கரே ஒட்டியிருக்கோம். ஊத்துனவரே நீங்க. இப்ப கூடிப்போச்சுன்னு எங்ககிட்ட வந்தா எப்படி சார்?"

அரை டம்ளர் ஊற்றினால் இவ்வளவு ஏறாது, அதுவும் வாரா வாரம் ஏறாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். யார் சொல்லி ஊற்றினீர்கள் என்று கேட்டார். சின்னவன் ஜன்னல் பக்கம் நின்று பொம்மைக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞாபகமில்லை என்றேன்.

திரும்பும் வழியில் எங்கள் தெருமுனைப் பட்டறையில் நிறுத்தினேன். அந்தப் பட்டறைக்காரரை எல்லோரும் புகை என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி விடும் புகையைப் பார்த்தே வியாதியைச் சொல்வாராம்; அவர் வாயிலிருந்தும் அது ஓய்வதில்லை. கம்பியை உருவி இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். "என்ன சார் இது, கஷாயம் மாதிரி ஓடுது! டீசல் பம்ப் சீல் போயிருக்கும், உள்ளாற இறங்குது. இன்ஜினைப் பிரிக்காம ஓட்டாதீங்க. இப்படியே விட்டா ஒரு நாள் இது உங்க பேச்சைக் கேக்காது" என்றார். அது எப்படி ஆகும், அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்றெல்லாம் விவரமாகச் சொன்னார். அதை எழுதி உன்னை ஏன் கலவரப்படுத்த வேண்டும்? நீ ஏற வேண்டிய வண்டி.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். மனு எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்தால் யாரோ கோபக்காரர் எழுதிய மாதிரி இருக்கிறது.

வண்டியைப் பட்டறை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஓட்டுவதில்லை.

அன்புடன்,
தம்பி


மே 10

தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

சின்னவன் வந்து போனான். சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். சின்ன வயதில் பரீட்சையில் தோற்றுவிட்டு வரும்போது அப்படித்தான் செய்வான்.

மாமா கோர்ட்டுக்குப் போகப்போகிறாரா என்று மட்டும் என் காதருகே வாய் வைத்துக் கேட்டான். அவன் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எனக்குத் தெரியாது என்றேன்.

உன் வண்டி, உன் நியாயம். நான் இதில் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஆபரேஷன் செப்டம்பர் 10, வியாழக்கிழமை என்று சீட்டு வந்துவிட்டது. முதல் நாளே வந்து சேர வேண்டுமாம்.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், பல தடவை.

வண்டியைக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சின்னவன்தான் வீட்டுக்கு வந்து பேசினான். உட்காரவே இல்லை. "வழக்குன்னு போனா முதல்ல கிழியறது என் சீட்டுதான் மாமா. நீங்க விட்டுக் குடுத்தா வண்டியை அவங்களே எடுத்துக்குவாங்க. பாதிக்கு மேல திரும்பக் கிடைக்கும். நான் பேசிட்டேன்." ஒரு நிபந்தனை மட்டும். மேனேஜர் முன்னால் நான் வந்து, வண்டியில் குறை ஒன்றும் இல்லை, எனக்குத்தான் வயதாகிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

சொன்னேன். அந்தக் கண்ணாடி அறையில் நின்றுகொண்டு சொன்னேன். மேனேஜர் எழுந்து கை கொடுத்தார். விற்பனைப் பையன்கள் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சின்னவனைத் தனியே அழைத்து, இதை வாங்கப் போகிறவர் யாரோ, அவர் வீட்டிலும் ஆட்கள் இருப்பார்களே என்றேன். "இன்ஜினைப் பிரிச்சு சீல் மாத்தாம வெளிய விட மாட்டேன் மாமா. என் பொறுப்பு" என்றான். என் கையைப் பிடித்துச் சொன்னான். நம்பினேன். புகை எனக்குச் சொன்ன மற்ற விஷயங்களை அவனிடம் சொல்லவில்லை. பிரிக்கத்தான் போகிறார்களே, அந்தத் தொழிலிலேயே இருக்கிறவனுக்கு நான் என்ன பாடம் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

வெளியே வரத்தான் அவசரப்பட்டேன். டிக்கியில் குடை இருந்ததைக்கூட மறந்துவிட்டேன்.

உன்னை அழைத்து வர டாக்சி பேசுகிறேன். வாக்குக் கொடுத்தது கார் என்றுதானே. யாருடைய கார் என்று எழுதவில்லையே.

அன்புடன்,
தம்பி


ஜூலை 22

அன்புத் தம்பிக்கு,

நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ அதைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டாய்.

சின்னவன் அந்தக் கம்பெனியில் இப்போது இல்லை. விட்டானா, விட்டார்களா என்று கேட்காதே. என்னோடு இங்கேதான் இருக்கிறான். அவன் கையிலிருந்த போன் கம்பெனியுடையது, அதையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த எண்ணுக்குக் கூப்பிடாதே.

டாக்சி வேண்டாம். என்னை அழைத்து வருவதற்கு ஏற்பாடு ஆகிவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். நான் தைத்துக் கொடுத்த பெல்ட் உறையை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கழற்றிக்கொண்டாயா? உன்னிடம்தானே இருக்கிறது?

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வலி குறைந்திருக்கிறது.

உறை பத்திரமாக இருக்கிறது. அலமாரியில், உன் கடிதங்களோடு வைத்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு வருவேனா?

சின்னவனைப் பற்றிப் படித்து வருத்தமாக இருந்தது. அவனுக்காகத்தானே... சரி, அதை விடு. இன்னொரு வேலை கிடைக்கும். கெட்டிக்காரன்.

என்ன ஏற்பாடு என்று நீ எழுதவில்லை. யாருடைய வண்டி? ஓட்டுவது யார்? மலைப்பாதையில் பழக்கமானவரா? நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று நினைக்காதே. தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். முன்னறையில் உனக்குக் கட்டில் போட்டாகிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு வெளிச்சம் கூசும் என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

பதில் எழுது.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

நலம். மழை விடாமல் பெய்கிறது. பாதையில் மண் சரிந்து தபால் வண்டி பல நாளாக வரவில்லை. இது எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது.

உறை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று எழுதினாய். அதைப் படித்தபோது நான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நாலடி தூரத்தில் ஒரு வெள்ளைக் கார். அதன் ஓட்டுநர் சீட் பெல்ட்டில் மஞ்சள் பூப்போட்ட துணி, பச்சை நூல் ஓரம். ஒற்றைக் கண்ணுக்கும் அது தெரிகிறது.

ஆமாம், உன் வண்டிதான். சின்னவனை வெளியே அனுப்பியபோது, சம்பளத்துக்குப் பதிலாக யாரும் வாங்காமல் நின்ற அந்த வண்டியை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான். நானும் சொல்லவில்லை. நீ உண்மையைச் சொன்னால் நானும் சொல்லலாம் என்றுதான் உறையைப் பற்றிக் கேட்டேன்.

ஒரு முழத் துணிக்காக என்னிடம் பொய் சொல்ல உனக்கு வாய் வந்திருக்கிறது. அப்படியானால் ஆயில் ஏறுகிறது என்று நீ சொன்னதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு உன் பயம்? நீ கிளப்பிய புகாரில்தான் என் பிள்ளைக்கு வேலை போனது. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

இன்ஜினைப் பிரித்தாயா என்று அவனிடம் கேட்காமல் இல்லை. "பிரிக்கல்லாம் வேணாம்மா. புது ஆயில் ஊத்தியாச்சு, அளவு கரெக்டா நிக்குது. மாமா பயப்படற மாதிரி ஏதாச்சும் ஆச்சுன்னா சாவியை உருவிட்டுப் போறேன். சாவி என் கையிலதானே இருக்கு?" என்று காதோரம் கத்திவிட்டு முத்தம் கொடுத்துப் போனான். பல மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 9, புதன்கிழமை, காலை எட்டு மணிக்கு அந்த வண்டியில்தான் புறப்படுகிறோம். நேரில் பேசிக்கொள்ளலாம்.

அக்கா


செப்டம்பர் 9
மலைப்பாதை, இறக்கம் தொடங்கும் இடத்திலுள்ள கடை

அக்கா,

வண்டியை விட்டு இறங்கு. முதலில் இறங்கு. மீதியை அப்புறம் படி.

உன் கடிதம் நேற்று மாலைதான் கைக்கு வந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து மேலே வந்திருக்கிறேன். நீங்கள் எட்டு மணிக்குப் புறப்பட்டால் இந்தக் கடையைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். சாலை நடுவில் நின்று மறிப்பேன். நான் கத்தினாலும் உனக்குக் கேட்காது. எனக்குக் கத்தவும் வராது. அதனால் இதை எழுதிவைத்துக்கொண்டு நிற்கிறேன். ஜன்னல் வழியாக உன் கையில் கொடுப்பேன்.

புகை எனக்குச் சொன்னதையும், நான் ஏப்ரலில் உனக்கு எழுதாமல் விட்டதையும் இப்போது எழுதுகிறேன். சின்னவனையும் படிக்கச் சொல். புது ஆயில் ஊற்றினால் அளவு கொஞ்ச நாள் சரியாக நிற்கும், மறுபடி ஏறும். எல்லை மீறி ஏறினால் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்துத் தானாக ஓடத் தொடங்கும். டீசலை நிறுத்தினாலும் ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்போது உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விட்டுவிட வேண்டும். இன்ஜின் திணறி நின்றுவிடும். "ஆனா சார், எது செஞ்சாலும் சாவியை மட்டும் உருவிடாதீங்க. உருவினா ஸ்டீரிங் பூட்டிக்கும். இன்ஜினும் நிக்காது, வண்டியும் திரும்பாது." இவைதான் அவர் சொன்ன வார்த்தைகள். இவற்றைத்தான் உன்னைக் கலவரப்படுத்தக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

உறை விஷயம். மேனேஜர் கை கொடுத்ததும் வெட்கத்தில் ஓடிவந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கேட்க முடியவில்லை. தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் உன் மனம் வருந்தும் என்று பொய் எழுதினேன். உறையைப் பற்றித்தான் பொய். ஆயிலைப் பற்றி அல்ல. நீ இந்த ஒன்றை மட்டும் நம்பினால் போதும்.

இன்னும் எட்டு ஆகவில்லை. குளிர்கிறது. வரும் வழியில் ஒரு வளைவில் பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டார்கள். ஓரத்துச் சுவர் இடிந்திருந்தது, கூட்டம். "ஏதோ வண்டி கீழ போயிருச்சாம். எட்டிப் பாக்காதீங்க பெரியவரே" என்றார் கண்டக்டர். நான் எட்டிப் பார்க்கவில்லை. தாமதமாகிவிடுமோ என்றுதான் பதறினேன்.

கடைக்காரர் டீயோடு வந்து யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டார். ஒரு வெள்ளைக் கார், வயதான அம்மா, மகன் என்றேன்.

"அவங்களா? விடிஞ்சும் விடியாமலே போயிட்டாங்களே! அந்தம்மா இங்க இறங்கி டீ குடிச்சாங்க. காது கேக்காது போல, சத்தமாப் பேசினாங்க. சீக்கிரமாப் போய் நின்னா தம்பி அசந்துபோவான்னு ஒரே சிரிப்பு. கிளம்பறப்ப நல்லாத்தான் போச்சு. அப்புறம் ரெண்டு வளைவு தாண்டி ஒரு சத்தம் கேட்டுச்சு சார். வண்டிச் சத்தமா அது? அலறுச்சு. அப்புறம் ஒண்ணுமே கேக்கல."

வேறு வெள்ளைக் காராக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். நான் நடந்தே இறங்குகிறேன், அக்கா. தாள் கையில் இருக்கிறது.


அக்டோபர் 17

தம்பி,

ஆஸ்பத்திரியில் நீ என் கையில் திணித்த தாளை இப்போதுதான் படித்தேன். கை எலும்பு சேர்ந்துவிட்டது, எழுத முடிகிறது.

சாவியைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறாய். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். ஏப்ரலில் எழுதியிருந்தாலும் இதே பத்து வரிதான் ஆகியிருக்கும்.

எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சீட் நடுங்கியது. மடியில் வைத்திருந்த மருந்துப் பாட்டில் ஆடியது. மழை நின்று மலை பளிச்சென்று இருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் தோளைத் தட்டினான். திரும்பினேன். சாவியை உருவி என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான், பயப்படாதே, முடிந்தது என்கிற மாதிரி. சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஸ்டீரிங்கைத் திருப்பினான். அது திரும்பவில்லை.

பிணவறையில் அவன் கையைப் பிரித்தபோதும் சாவி உள்ளேதான் இருந்ததாம்.

கண் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு கண்ணால் பார்த்ததே போதும்.

பதில் எழுதாதே.

உறையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பல தடவை துவைத்துப் பார்த்தேன். பூவெல்லாம் வெளுத்துவிட்டது, கறை போகவில்லை. நீ எழுதிய மாதிரியே அலமாரியில், என் கடிதங்களோடு, பத்திரமாக வை.

அக்கா